சட்டமன்றத்தில் நம் குரல்

பள்ளி விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா, பொங்கல் விழா என எந்த நிகழ்ச்சியானாலும் முன்வரிசையில் ஒரு நாற்காலி மக்கள் பிரதிநிதிக்காக ஒதுக்கப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "ஒய்.பி. வந்துவிட்டார்" என்றதும் நிகழ்ச்சி தொடங்கும். அவர் உரையாற்றுவார், மாதிரிக் காசோலையை வழங்குவார், படம் எடுத்துக்கொள்வார். இதனால், மானியம் வழங்குவதே மக்கள் பிரதிநிதியின் வேலை என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். உண்மையில், சட்டம் அவருக்கு வகுத்துள்ள முதன்மைப் பணிகள் ஆயர் குரோவில் கூடும் மலாக்கா மாநிலச் சட்டமன்றத்திலோ கோலாலம்பூரில் கூடும் நாடாளுமன்றத்திலோதான் நடைபெறுகின்றன. அங்கே அவர் எதற்கு ஆதரவாக வாக்களிக்கிறார், எந்தக் கேள்வியைக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம் அன்றாட வாழ்வில் பல முடிவுகள் அமைகின்றன.

வாக்குரிமை இல்லாத காலம்

மலாக்கா சுல்தான் ஆட்சி 1511-ஆம் ஆண்டு போர்த்துகீசியர் படையெடுப்பால் முடிவுக்கு வந்தது. 1641-இல் டச்சுக்காரர்களும் அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர்களும் மலாக்காவை ஆண்டனர். 1826-இல் மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என ஒரே நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. 1867-இல் அவை பிரிட்டிஷ் முடியாட்சியின் நேரடிக் குடியேற்ற நாடாயின. சிங்கப்பூரில் இருந்த ஆளுநர் தமக்கு ஆலோசனை கூற ஒரு சட்ட மேலவையை வைத்திருந்தார். அதன் உறுப்பினர்கள் பொதுமக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர்.

அந்தக் காலத்தில்தான் மலாக்காவில் ரப்பர்த் தோட்டங்கள் உருவாயின. 1896-இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அதன்பின் புக்கிட் அசகானில் பெரிய தோட்டம் எழுந்தது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர்கள் காட்டை அழித்தார்கள், கன்று நட்டார்கள், பால்மரம் சீவினார்கள். அவர்களின் கூலி, குடியிருப்பு, குடிநுழைவு ஆகியவை பற்றிய சட்டங்கள் அனைத்தும் இயற்றப்பட்டன. ஆனால், அச்சட்டங்களை இயற்றியவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அத்தொழிலாளர்களுக்கு இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது. 1955 ஜூலை 27-ஆம் நாள் மலாயாக் கூட்டரசின் முதல் பொதுத்தேர்தல் நடைபெற்றது. கூட்டரசுச் சட்டமன்றத்தின் 52 இடங்களுக்கு மக்கள் வாக்களித்தனர். மறு ஆண்டு, 1956 பிப்ரவரி 20-ஆம் நாள், துங்கு அப்துல் ரஹ்மான் நாட்டின் விடுதலை நாளை அறிவித்தது மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில்தான். விடுதலைக்குப் பின், 1959-இல் நாடாளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் தேர்தல் நடைபெற்றது.

எனினும், தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் பலருக்கு அன்று குடியுரிமை கிடைத்திருக்கவில்லை. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் வாக்களிக்க இயலாது. அண்டை வீட்டார் வாக்களிக்கச் செல்லும்போது தாம் மட்டும் வீட்டில் இருக்க வேண்டிய நிலை அவர்களுடையது. இன்று நம் கையில் இருக்கும் வாக்குச்சீட்டின் மதிப்பை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

மலாக்காவின் மக்கள் பிரதிநிதிகள்

மலாக்கா மாநிலம் 28 சட்டமன்றத் தொகுதிகளாகவும் 6 நாடாளுமன்றத் தொகுதிகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. மஸ்ஜித் தானா, அலோர் காஜா, தங்கா பத்து, ஹங் துவா ஜெயா, கோத்தா மலாக்கா, ஜாசின் ஆகியவை அந்த ஆறு நாடாளுமன்றத் தொகுதிகள். ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதிக்குள்ளும் சில சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். எடுத்துக்காட்டாக, ரெம்பியா, காடெக், மாச்சாப் ஜெயா, தூரியான் துங்கல், அசகான் ஆகிய ஐந்தும் அலோர் காஜாவைச் சேர்ந்தவை. பெம்பான், ரிம், செர்க்காம், மெர்லிமாவ், சுங்கை ரம்பை ஆகிய ஐந்தும் ஜாசினைச் சேர்ந்தவை. ஆகவே, காடெக்கில் வாழும் ஒரு வாக்காளருக்கு இரண்டு பிரதிநிதிகள் உண்டு. ஒருவர் காடெக் சட்டமன்ற உறுப்பினர். மற்றொருவர் அலோர் காஜா நாடாளுமன்ற உறுப்பினர்.

ஒரு தொகுதியின் உறுப்பினர் தமக்கு வாக்களித்தவர்களுக்கு மட்டுமன்றி, வாக்களிக்காதவர்களுக்கும் பிரதிநிதியாவார். காடெக் தொகுதியில் 2018-இல் ஜனநாயக செயல் கட்சியைச் சேர்ந்த ஜி. சாமிநாதனும், 2021-இல் ம.இ.கா.வைச் சேர்ந்த வி.பி. சண்முகமும் வெற்றி பெற்றனர். அத்தொகுதியில் இந்தியர்கள் பெரும்பான்மையினர் அல்லர். மலாய், சீன, இந்திய வாக்காளர்கள் அனைவரும் சேர்ந்தே அவர்களைத் தேர்ந்தெடுத்தனர். அதுபோலவே, மலாய்க்காரரோ சீனரோ உறுப்பினராக உள்ள தொகுதியில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கும் அவரே பிரதிநிதி. அவருடைய சேவை மையத்துக்குச் செல்லத் தயங்க வேண்டியதில்லை.

உறுப்பினரின் நான்கு பணிகள்

முதலாவது, சட்டம் இயற்றுவது. ஒரு சட்ட முன்வரைவு முதல் வாசிப்பில் மன்றத்தில் அறிமுகம் செய்யப்படுகிறது. இரண்டாம் வாசிப்பில் அதன் நோக்கம் விவாதிக்கப்படுகிறது. அடுத்து, குழு நிலையில் அதன் பிரிவுகள் ஒவ்வொன்றாக ஆராயப்படுகின்றன. மூன்றாம் வாசிப்பில் ஏற்கப்பட்டபின் அது ஒப்புதலுக்கு அனுப்பப்படுகிறது. நாடாளுமன்றச் சட்டத்துக்கு மாமன்னரும், மலாக்கா சட்டமன்றச் சட்டத்துக்கு மாநில ஆளுநரும் ஒப்புதல் வழங்குவர்.

இரண்டாவது, மக்கள் பணத்துக்கு அனுமதி வழங்குவது. அரசாங்கம் தன் விருப்பப்படி வரிப்பணத்தைச் செலவழிக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்தை மன்றத்தில் தாக்கல் செய்து, உறுப்பினர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

மூன்றாவது, கேள்வி கேட்பது. ஒதுக்கிய பணம் எங்கே போனது? அறிவித்த திட்டம் ஏன் தொடங்கவில்லை? இத்தகைய கேள்விகளுக்கு ஆட்சியில் உள்ளவர்கள் மன்றத்திலேயே விடை கூற வேண்டும். கேள்வியும் விடையும் அதிகாரபூர்வ ஏட்டில் பதிவாகும். நாடாளுமன்ற உறுப்பினர் எவரும் என்ன பேசினார் என்பதை நாடாளுமன்ற அகப்பக்கத்தில் யாரும் படித்துப் பார்க்கலாம்.

நான்காவது, ஆட்சி யாரிடம் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. மலாக்கா முதலமைச்சரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. சட்டமன்றத்தில் பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கையைப் பெற்றவர் என்று கருதப்படும் ஒருவரை ஆளுநர் முதலமைச்சராக நியமிக்கிறார். ஆட்சிக்குழு உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினர்களிலிருந்தே நியமிக்கப்படுகின்றனர். அந்த நம்பிக்கை நீங்கினால் முதலமைச்சர் பதவி விலக வேண்டும். அல்லது சட்டமன்றத்தைக் கலைக்குமாறு ஆளுநரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நால்வர் மாற்றிய ஆட்சி

இந்த நான்காவது பணியின் வலிமையை மலாக்கா மக்கள் மூன்றே ஆண்டுகளில் இருமுறை கண்டனர். 2018 மே 9-ஆம் நாள் நடைபெற்ற தேர்தலில் நம்பிக்கைக் கூட்டணி 15 இடங்களையும் தேசிய முன்னணி 13 இடங்களையும் வென்றன. 28 உறுப்பினர் கொண்ட மன்றத்தில் 15 என்பது மிகக் குறைந்த பெரும்பான்மையாகும். அட்லி ஸஹாரி முதலமைச்சரானார். 2020 மார்ச் மாதத்தில் உறுப்பினர் நால்வர் தங்கள் ஆதரவை மாற்றிக்கொண்டனர். ஆட்சி மாறியது, சுலைமான் முகமட் அலி முதலமைச்சரானார்.

2021 அக்டோபர் 4-ஆம் நாள், மீண்டும் உறுப்பினர் நால்வரின் கூட்டணி அமைந்தது. முதலமைச்சர் மீது தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று அவர்கள் அறிவித்தனர். அரசு பெரும்பான்மையை இழந்தது. சட்டமன்றம் கலைக்கப்பட்டது. சட்டமன்றம் கலைந்தால், தீபகற்ப மலேசியாவில் 60 நாள்களுக்குள் தேர்தல் நடத்தப்பட வேண்டும். அவ்வாறே, கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில், பிரசாரக் கூட்டங்களுக்குத் தடை இருந்த நிலையில், 2021 நவம்பர் 20-ஆம் நாள் மலாக்கா மக்கள் வாக்களித்தனர். தேசிய முன்னணி 21 இடங்களையும், நம்பிக்கைக் கூட்டணி 5 இடங்களையும், பெரிக்காத்தான் நேஷனல் 2 இடங்களையும் வென்றன.

இரு நிகழ்வுகளிலும் முடிவைத் தீர்மானித்தவர்கள் நான்கு பேர். உறுப்பினர்கள் தம் மனச்சாட்சிப்படி நடக்கும் உரிமை உடையவர்கள் என்று சிலர் கூறுவர். ஒரு கட்சியின் பெயரால் வாக்குக் கேட்டு வென்றவர், வாக்காளரைக் கேளாமல் அணி மாறுவது முறையாகாது என்று வேறு சிலர் கூறுவர். இவ்விவாதம் நாடு முழுவதும் நடந்தது. அதன் விளைவாக, 2022 ஜூலை 28-ஆம் நாள் மக்களவை கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. அது அவ்வாண்டு அக்டோபர் 5-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. இதன்படி, ஒரு கட்சியின் சார்பில் வென்ற நாடாளுமன்ற உறுப்பினர் அக்கட்சியிலிருந்து விலகினால் தம் இடத்தை இழப்பார். அத்தொகுதி மக்களிடம் மீண்டும் வாக்குக் கேட்கப்படும். ஆனால், கட்சியே அவரை நீக்கினால் அவர் இடத்தை இழக்கமாட்டார். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களைப் பொறுத்தவரையில், அந்தந்த மாநிலத்தின் அரசியலமைப்பில் திருத்தம் செய்யப்பட வேண்டும்.

எந்தக் கதவைத் தட்டுவது?

மக்கள் பிரதிநிதிக்கு அதிகாரம் உண்டு. ஆனால், எல்லாப் பிரதிநிதிக்கும் எல்லா அதிகாரமும் இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, கூட்டரசு எவற்றைக் கவனிக்கும், மாநிலம் எவற்றைக் கவனிக்கும், இரண்டும் சேர்ந்து எவற்றைக் கவனிக்கும் என்று பட்டியலிட்டுள்ளது. கல்வி, குடியுரிமை, தொழிலாளர் நலன் ஆகியவை கூட்டரசைச் சார்ந்தவை. நிலம், காடு, ஊராட்சி ஆகியவை மாநிலத்தைச் சார்ந்தவை.

இதனை ஓர் எடுத்துக்காட்டின்வழி காண்போம். ஒரு தோட்டம் வீடமைப்பு நிறுவனத்துக்கு விற்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கு இருபது குடும்பங்கள் குடியிருக்கின்றன. ஒரு கோயிலும் ஒரு தமிழ்ப்பள்ளியும் உள்ளன. மக்கள் கூடிப் பேசி மகஜர் ஒன்றை எழுதுகிறார்கள். அதை யாரிடம் கொடுப்பது?

விவசாய நிலத்தை வீடமைப்பு நிலமாக மாற்ற மாநில அரசின் அனுமதி தேவை. கோயிலுக்கு நிலம் ஒதுக்குவதும் மாநில அரசின் கையில்தான் உள்ளது. எனவே, இவ்விரண்டையும் சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பள்ளியை இடம் மாற்றுவதும் புதுக் கட்டடம் கட்டுவதும் கல்வி அமைச்சின் பொறுப்பு. அதற்கு நாடாளுமன்ற உறுப்பினர் மக்களவையில் குரல் கொடுக்க வேண்டும். ஆனால், புதிய பள்ளிக்கு நிலம் வேண்டுமென்றால் மீண்டும் மாநில அரசையே நாட வேண்டியிருக்கும். தொழிலாளர்களின் குடியிருப்பு எத்தகைய தரத்தில் இருக்க வேண்டும் என்பதை 1990-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் வரையறுக்கிறது. குறைந்தபட்சச் சம்பளமும் நாடாளுமன்றச் சட்டத்தின்கீழ் நிர்ணயிக்கப்படுவதே. 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய அது, 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாதவர் இருந்தால், அது தேசியப் பதிவுத் துறையின் பொறுப்பு. அதுவும் கூட்டரசைச் சார்ந்ததே.

ஆக, ஒரே தோட்டத்தின் ஒரே சிக்கலுக்கு இரண்டு மன்றங்களின் கதவுகளைத் தட்ட வேண்டியுள்ளது. இது தெரியாதவர் ஒரே மகஜரை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைவார். அதற்குள் தோட்டம் கைமாறிவிடக்கூடும். எந்தப் பொறுப்பு யாருடையது என்று அறிந்தவர், நிலத்துக்கான கோரிக்கையையும் பள்ளிக்கான கோரிக்கையையும் தனித்தனியே எழுதி, உரியவரிடம் உரிய காலத்தில் சேர்ப்பார். "இக்கேள்வியை அடுத்த கூட்டத்தில் எழுப்புங்கள்" என்று கேட்டு, பின்னர் அது எழுப்பப்பட்டதா என்றும் பார்ப்பார்.

குப்பை, வடிகால், சாலை விளக்கு போன்ற அன்றாடக் குறைகளைக் கவனிப்பது ஊராட்சி மன்றம். அதன் உறுப்பினர்கள் நம் நாட்டில் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் அல்லர். மாநில அரசால் நியமிக்கப்படுபவர்கள். எனவே, ஊராட்சி மன்றம் சரிவரச் செயல்படாதபோதும் சட்டமன்ற உறுப்பினரையே நாம் கேள்வி கேட்க வேண்டும்.

ஜப்பானில் எப்படி?

நம்மைப் போலவே அரச குடும்பத்தையும் நாடாளுமன்றத்தையும் கொண்ட மற்றோர் ஆசிய நாடு ஜப்பான். போருக்கு முன், ஜப்பானியப் பேரரசரே நாட்டின் இறையாண்மை உடையவராகக் கருதப்பட்டார். 1947 மே 3-ஆம் நாள் நடப்புக்கு வந்த புதிய அரசியலமைப்பு, அந்த இறையாண்மையை மக்களிடம் ஒப்படைத்தது. டயட் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றமே அரசின் மிக உயர்ந்த அமைப்பு என்றும், சட்டம் இயற்றும் ஒரே அமைப்பு என்றும் அது கூறுகிறது.

டயட்டின் கீழவையில் 465 உறுப்பினர்களும் மேலவையில் 248 உறுப்பினர்களும் உள்ளனர். இரு அவையினரையும் மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். மலேசியாவில் மக்களவையின் 222 உறுப்பினர்கள் மட்டுமே மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். மேலவையின் 70 உறுப்பினர்களில் 26 பேரை, மாநிலத்துக்கு இருவராக, சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கின்றன. மற்ற 44 பேரை மாமன்னர் நியமிக்கிறார். ஜப்பானில் பிரதமரை டயட் உறுப்பினர்களே தங்களுள் ஒருவராக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். இங்கோ, மக்களவைப் பெரும்பான்மையின் நம்பிக்கையைப் பெற்றவரை மாமன்னர் நியமிக்கிறார். முறைகள் வேறுபட்டாலும் இரு நாட்டிலும் அடிப்படை ஒன்றே. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் நம்பிக்கையை இழந்த அரசு நீடிக்க முடியாது.

இரு நாடுகளுக்கும் இன்னோர் ஒற்றுமையும் உண்டு. ஜப்பான் 2016-இல் வாக்களிக்கும் வயதை 20-இலிருந்து 18-ஆகக் குறைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் மலேசியாவும் அதே வயதை ஏற்றது.

உங்கள் முறை

2019 ஜூலை 16-ஆம் நாள் நம் மக்களவையில், வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்றில் இரு பங்கான 148 வாக்குகள் போதும் என்ற நிலையில், 211 உறுப்பினர்கள் ஆதரவாக வாக்களித்தனர். எதிர்த்தவர் எவருமில்லை. பல ஆண்டுகளாக எதிரெதிரே அமர்ந்து வாதிட்டவர்கள் அன்று ஒன்றாகக் கை கோத்தனர். வாக்காளர் பட்டியலில் தானாகவே பெயர் பதிவாகும் முறையும் இத்திருத்தத்தில் இடம்பெற்றது.

ஆனால், இத்திருத்தம் முழுமையாக நடப்புக்கு வந்தது 2021 டிசம்பர் 15-ஆம் நாள்தான். மலாக்கா மாநிலத் தேர்தல் அதற்கு 25 நாள்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. தம் மாநிலத்தின் ஆட்சியைத் தீர்மானிக்கும் அத்தேர்தலில் மலாக்காவின் 18 முதல் 20 வயது வரையிலான இளைஞர்கள் வாக்களிக்க இயலவில்லை. ஓராண்டு கழித்து, 2022 நவம்பர் 19-ஆம் நாள் நடைபெற்ற 15-ஆவது பொதுத்தேர்தலில் அவர்கள் நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தனர். சட்டமன்றத்துக்கு வாக்களிக்க அடுத்த மாநிலத் தேர்தல் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த 2021 தேர்தலில், உரிமை இருந்தும் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 66 விழுக்காட்டினரே. அதாவது, மூன்று வாக்காளர்களில் ஒருவர் வாக்குச்சாவடிக்குச் செல்லவில்லை. பெருந்தொற்று அச்சம் ஒரு காரணமாக இருக்கலாம். வேலைக்காக வெளியூரில் இருப்பவர்கள் ஊர் திரும்புவதும் எளிதன்று. ஆயினும், நால்வர் மனம் மாறியதால் ஆட்சி மாறிய மாநிலத்தில், வாக்களிக்காதவர்களின் எண்ணிக்கை சிறிய செய்தி ஆகாது.

மாணவர்களே, உங்களுக்கு 18 வயது நிறைவடையும்போது உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் தானாகச் சேர்க்கப்படும். நீங்கள் எந்தத் தொகுதியின் வாக்காளர் என்பதை உங்கள் அடையாள அட்டையில் உள்ள முகவரியே தீர்மானிக்கும். தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிபெயர்ந்தும் முகவரியை மாற்றாதவர்கள், பழைய ஊருக்கே சென்று வாக்களிக்க நேரிடும். எனவே, வீடு மாறினால் முகவரியையும் மாற்றிவிடுங்கள். தேர்தல் ஆணையத்தின் அகப்பக்கத்தில் உங்கள் விவரங்களைச் சரிபாருங்கள்.

அதற்குமுன் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் சட்டமன்ற உறுப்பினர் யார், நாடாளுமன்ற உறுப்பினர் யார் என்று வீட்டில் கேளுங்கள். அவர்கள் கடந்த கூட்டத்தொடரில் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று தேடிப் படியுங்கள். உங்கள் ஊரில் தீர்க்கப்படாமல் இருக்கும் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அது மாநிலத்தின் பொறுப்பா, கூட்டரசின் பொறுப்பா என்று கண்டறியுங்கள். பின்னர், உரிய உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாக்களிக்கத்தான் 18 வயது ஆக வேண்டும். கடிதம் எழுத வயது வரம்பு இல்லை.